மொட்டைத் தலையோடு போன இன்டர்வியூ

நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, இன்டர்நெட் மேல் நம்பிக்கையே கிடையாது. பள்ளிப்பட்டு ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர் அவர். நாள் முழுக்க மனுஷ மூஞ்சிகளைப் பார்த்தே சம்பாதித்தவர். "மூஞ்சியே பாக்காம எவன்டா வேலை குடுப்பான்? நேர்ல போய் நில்லு" என்பார்.

நின்றேன். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் வருஷக்கணக்காக நின்றேன். திருத்தணியில் காலை ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவேன். உள்ளே போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் கேட்டோடு சரி. "வேகன்சி இல்லப்பா, குடுத்துட்டுப் போ" என்று செக்யூரிட்டி பயோடேட்டாவை வாங்கி, ஏற்கெனவே இருக்கிற கட்டின் மேல் போடுவார். அந்தக் கட்டு எங்கே போகும் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, அடுத்த கேட்டுக்கு நடப்பேன். சும்மா சொல்லக் கூடாது, அம்பத்தூர் செக்யூரிட்டிகள் அத்தனை பேரும் என் மூஞ்சியை நன்றாகப் பார்த்தார்கள்.

அப்புறம் எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வந்தது. கடைக்காரர்தான் எனக்கு மெயில் ஐடி திறந்துகொடுத்தார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததே. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் பத்து கம்பெனிக்கு அனுப்பலாம். ஆஹா, இதல்லவோ சொர்க்கம் என்று நினைத்தேன். பதில்தான் ஒன்றும் வரவில்லை. கேட்டிலாவது இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார், இங்கே அதுவும் இல்லை. அனுப்பினது போய்ச் சேர்ந்ததா, கிணற்றில் விழுந்ததா, தெரியாது. ஒருநாள் நைனா வேண்டாவெறுப்பாக வந்து திரையை எட்டிப் பார்த்தார். "போட்டோவாச்சும் ஒட்டி அனுப்புடா" என்றார். ஸ்டுடியோவில் தலையைப் படிய வாரி எடுத்த போட்டோவை ஸ்கேன் செய்து சேர்த்தோம்.

அந்த வருஷமே நைனா போய்விட்டார். பொதட்டூர்பேட்டையில் ஆள் ஏற்றியிருக்கிறார், பஸ் கிளம்பவில்லை. "விசில் வர்லியேன்னு திரும்பிப் பாத்தேன். பின் சீட்ல சாஞ்சிகினு இருந்தாரு. தூங்குறாருன்னே நெனச்சேன்" என்று டிரைவர் எங்கள் வாசலில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். இரண்டு பேரும் ரொம்பக் காலம் ஒரே வண்டியில் ஓடியவர்கள். எனக்கு அழுகை வரவில்லை. மொட்டை அடித்தார்கள், மீசையையும் எடுத்தார்கள், கொள்ளி வைத்தேன். வந்தவர்களுக்கு டீ டம்ளர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கொண்டுவர இனி இந்த வீட்டில் ஆள் இல்லை என்பது மட்டும் மண்டைக்குள் இருந்தது. மற்றபடி உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி.

நாலைந்து நாள் கழித்து பிரவுசிங் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். தயங்கித் தயங்கி, "உனுக்கு மெயில் வந்துகீதுப்பா. அம்பத்தூர்ல இன்டர்வியூ. நாளைக்கே" என்றார். காரியம் முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று மாமா எகிறினார். அம்மா தன் தம்பியை ஒரே பார்வையில் அடக்கினாள். "நீ போய்ட்டு வாடா. இங்க உக்காந்துகினு இன்னா பண்ணப் போற? இதுவும் போச்சின்னா அடுத்த மாசம் அரிசிக்கு யாராண்ட போய் நிக்கிறது?"

ரயிலில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அப்பா தவறிட்டாருங்க சார். மொட்டையைப் பார்த்துக் கேட்பார்கள், குரல் உடையாமல் இதைச் சொல்லிவிட்டால் போதும்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மேனேஜர் பேப்பரில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என் மண்டையைப் பார்த்தார், ஊர்ப் பெயரைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "திருத்தணியா! அதானே பாத்தேன். வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே முருகனுக்கு முடி குடுத்தாச்சா?" என்று சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்று அவருக்கு எங்கே தெரியும்! நானும் சிரித்தேன். "ஆமாங்க சார்" என்றேன். அதற்கு மேல் எதையும் விளக்க உடம்பில் தெம்பு இல்லை.

ஸ்டார்ட்டர் பற்றிக் கேட்டார்கள், மோட்டார் ஏன் சூடாகும் என்று கேட்டார்கள். சொன்னேன். வெளியே உட்காரவைத்துத் திரும்பக் கூப்பிட்டு, ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். சந்தோஷப்பட்டாயா என்றால், இல்லை. அரிசிக்கு வழி பிறந்தது, அவ்வளவுதான்.

எழுந்திருக்கப் போனேன். "அப்பா என்ன பண்றார்?" என்றார் மேனேஜர்.

"பஸ் கண்டக்டருங்க."

"அப்ப முதல்ல அவருக்குச் சொல்லுங்க தம்பி. பாவம், காத்துக்கிட்டு இருப்பாரு" என்று மேஜை மேலிருந்த போனை என் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷன். மூன்று பேரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் எதை எப்படி மாற்றிச் சொல்வது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று, நைனா வேலை பார்த்த பஸ் ஆபீஸ் நம்பர். அதையே அழுத்தினேன். மதிய டிரிப்புக்கு முன்னால் டிரைவர் அங்கேதான் இருப்பார். அவர்தான் எடுத்தார்.

"நைனா, நான்தான். வேலை கிடைச்சிடுச்சி."

அந்தப் பக்கம் யாரோ பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"சரிடா கண்ணு," என்றார். "சாப்ட்டுட்டு வண்டி ஏறு."

போனை வைத்தேன்.

"என்ன சொன்னாரு அப்பா?" என்றார் மேனேஜர்.

"சாப்ட்டுட்டு வரச் சொன்னாருங்க" என்றேன்.