அரசங்கன்றும் மூன்று கண் பாலமும்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்தோம். வழியில் மூன்று கண், அதாவது மூன்று வளைவு, வைத்த கல் பாலத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓடைக்குள் இறங்கி ஏறியது.

"ஏம்ப்பா இடிக்காங்க?" என்றாள் என் மகள்.

"பழசாயிருச்சும்மா."

பொய். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளா.

ரோடு வேலை பார்த்த நாளில் அந்தப் பாலம் என் பொறுப்பு. அதில் இரும்புக் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. அப்புறம் எப்படி நின்றது? மரத்தால் வளைவாகச் சாரம் கட்டி, மேலே அகன்று கீழே குறுகிய கற்களை இரண்டு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டே வருவார்கள். உச்சியில் கடைசிக் கல். அது உட்கார்ந்ததும் சாரத்தைப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற ஏற இறுக்கம்தான்... சிமெண்ட் லாரி போனாலும் அசையாது.

ஆனால் இரண்டு கல்லுக்கு நடுவே ஒன்று புகுந்து நெம்பினால்?

நடு வளைவின் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தது. விரல் நீளம்தான். பிடுங்கிப் போடுவது என் வேலை. கையை நீட்டினேன் — முடியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து என் மனைவி அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். அரச மரத்தைச் சுற்றி வேண்டிக்கொண்ட பிள்ளை.

எங்கள் மேஸ்திரி காதர் பாய் பார்த்துவிட்டார். "ஏலே, உனக்குப் பயம்னா தள்ளி நில்லு. நான் புடுங்குதேன்."

"வேண்டாம் பாய். பிள்ளை பொறக்கட்டும், பொறவு பாப்போம்."

"காதுகுத்துக்கும் இதே சாக்கு சொல்லுவ" என்றபடி இறங்கிப் போய்விட்டார்.

அப்படியேதான் ஆனது. மகள் பிறந்தாள். கன்றுக்கு யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். யாரோ என்ன... என் மனைவிதான். அதற்குப் பொறவு யார் தொடுவார்? வருஷம் போகப் போக வேர் கை மொத்தம் ஆனது. வளைவு வாய் பிளந்தது. உச்சிக்கல் நழுவியது.

நேற்று பாயைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு எதுக்குல மன்னிப்பு? நானும்தான் சும்மா விட்டுட்டு வந்தேன். மண்ணோட பேத்து ஓடைக்கரையில நட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் தோணலையே" என்றார்.

பஸ்ஸில் நான் பொய் சொன்னது இதனால்தான். தனக்காகப் போன பாலம் என்று அவள் நினைத்துவிட்டால்?

அவளும் உங்களைப் போல வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் பத்தியை வாசிப்பவள்தான். அம்மாடி, தப்பு உன்மேலும் இல்லை, கன்றின்மேலும் இல்லை — நீட்டிய கையை மடக்கிக்கொண்ட உன் அப்பன்மேல்தான்.