கொடுமுடி மடுவில் விட்ட கேரண்டி மீன்

ஒரு மானக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கருத்துப் பகுதியில் வந்து போட்டுக்கொடுப்பதைவிட நானே சொல்வது மேல். கடல் வளத்தையும் மீன் இனத்தையும் காப்பதற்கென்று நடக்கும் ஒரு சங்கத்துக்கு நான் செயலாளர். எனக்கு நீச்சல் தெரியாது. பரிசலில் ஏறினால் குமட்டும். முதன்முறை கொடுமுடிக்குப் போனபோது, பரிசல் கரையை விட்டுப் பத்தடி நகர்வதற்குள், காலையில் தின்ற பொங்கலைத் தலைவரின் வெள்ளை வேட்டியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மையான மனிதர். அந்த வேட்டியைத் துவைத்து எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.

கோயமுத்தூரில் கடல் சங்கமா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மேற்கே பொன்னானிக்குப் போனால்தான் எங்களுக்கு அலை. குடும்பத்தோடு ராமேஸ்வரம் போன நாங்கள் சிலர், கோழித் தீவனத்துக்காகக் கரையில் குவித்திருந்த விரல்நீள மீன்குஞ்சுகளைப் பார்த்து மனம் கலங்கி, திரும்பும் வழியிலேயே சங்கம் ஆரம்பித்துவிட்டோம். தலைவர் ரங்கராஜ், ஒரு காலத்தில் மில் வைத்திருந்தவர். நான் கணபதியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். கடல் ரொம்ப தூரம் என்பது இரண்டாவது கூட்டத்தில்தான் உறைத்தது. "கடலுக்குப் போற தண்ணி ஆத்துல இருந்துதானுங்க போகுது?" என்றார் தலைவர். அப்படித்தான் காவிரி எங்கள் தலையில், அல்லது நாங்கள் காவிரியின் தலையில், விழுந்தோம்.

கொடுமுடியில் கோயில் படித்துறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு மடு இருக்கிறது. கோடையில் ஆறு வற்றினாலும் அங்கே மட்டும் ஆழமாகத் தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அதில் ஒதுங்கும். இரண்டு வருடம் அந்த மடுவில் வலை போடாமல் விட்டால் மீன் பெருகும், பிறகு அளவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஆறு மீனவக் குடும்பங்களிடம் பேசினோம். ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கு மாதம் ஒரு சிப்பம் அரிசி எங்கள் பொறுப்பு.

சும்மா காத்திருப்பது கோயமுத்தூர்க்காரனுக்கு ஆகாது. மீன்குஞ்சு வாங்கி விட்டோம். முதல் தடவை விட்டதில் பாதி செத்து மிதந்தது. அது புகைப்படத்திலும் விழுந்துவிட்டது. தலைவருக்குத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் கிரைண்டர் ஆனாலும் மோட்டார் ஆனாலும் கேரண்டி கேட்காமல் காசை எடுக்க மாட்டோம். அதே பழக்கத்தில், குஞ்சு விற்பவரிடமும் கேரண்டி கேட்டோம். "ஒண்ணு செத்தா ரெண்டாத் தாரேனுங்க" என்று ஒருவர் முன்வந்தார். மூன்று நடை நீலக் கேன்களில் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, மடுவில் ஊற்றினோம். ஒன்றுகூடச் சாகவில்லை. தலைவர் கைதட்டினார்.

இந்தப் பங்குனியில் மடு திறக்கும் நாள். ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குக் கணபதியிலிருந்து வேன். பல்லடம், காங்கயம் வழியாக ஏறக்குறைய 115 கிலோமீட்டர். வாடகை டீசலோடு 5,800 ரூபாய். காங்கயத்தில் இட்லி நன்றாக இருந்தது. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், காரணம் உங்களுக்குத் தெரியும். எட்டரைக்குக் கொடுமுடி. பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஒரே கோயிலில் இருக்கிற ஊர். பரிகாரக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்க இருபது நிமிடம்.

கரையில் பழனிசாமியும் அவர் மனைவி தனமும் நின்றிருந்தார்கள். ஆறு குடும்பத்தில் மிஞ்சியது இவர்களும் இன்னொரு குடும்பமும்தான். மற்றவர்கள் காத்திருந்து சலித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தனத்தின் தம்பி சோமனூரில் தறி ஓட்டுகிறான். மச்சானுக்கும் அங்கே இடம் பார்த்து வைத்திருந்தான். பழனிசாமி முடிவாகச் சொல்லியிருந்தார்: மடுவில் மீன் இருந்தால் ஆறு, இல்லையென்றால் தறி. பையில் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டாராம்.

"அந்தப் பையப் பாக்கவே எனக்கு வயிறெரியுதுங்க" என்றாள் தனம். "இன்னைக்கு வலை நெறஞ்சா அதைத் தூக்கி ஆத்துலயே வீசிப்போடுவேன்."

ஈரோட்டிலிருந்து மீன் வியாபாரி ஒருவரும் ஐஸ் பெட்டிகளோடு வந்திருந்தார். ஒன்பதரைக்கு இரண்டு பரிசல் போய் வலையை வளைத்து விட்டு வந்தன. நான் கரையில் நின்று மேற்பார்வை பார்த்தேன். வலை கனத்தது. எட்டுப் பேர் இழுத்தும் வரவில்லை. தனம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் பிடித்தாள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வலை கரைக்கு வந்தது. உள்ளே முழுக்கக் கறுப்பு. கை நீளத்துக்கு, மீசை வைத்த, வழுவழுப்பான மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. நாங்கள் கைதட்டினோம் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

வியாபாரி குனிந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பெட்டி மூடியைச் சாத்தினார். "ஆப்பிரிக்கக் கெளுத்திங்க. தடை பண்ணுன மீனு. மார்க்கெட்ல புடிச்சா பொட்டியோட கொட்டிருவாங்க. எனக்கு வேண்டாமுங்க."

"வேற மீன்?" என்றார் தலைவர்.

"இது இருக்கற எடத்துல வேற மீன் எங்கீங்க இருக்கும்? குஞ்சு, முட்டை, தவளை எல்லாத்தையும் தின்னுபோடும்."

வலையைக் கிளறிப் பார்த்ததில் நான்கே நான்கு கெண்டை. ஒன்றுக்கு வால் இல்லை.

தலைவர் கோயில் பக்கம் கை நீட்டினார். "பரிகாரத்துக்கு வாரவங்க ஆராச்சும் விட்டிருப்பாங்க."

"பரிகாரத்துக்கு வாரவங்க பொரி போட்டுட்டுப் போவாங்க சாமி" என்றாள் தனம். "நீலக் கேன்ல மூணு நடை கொண்டாந்து ஊத்துனது ஆருங்க?"

"நீயுந்தான அம்மணி கேனைப் புடிச்சே?" என்றார் தலைவர்.

"புடிச்சேனுங்க. சூடங்கூடக் காட்டுனேன். குஞ்சுல பாத்தா எல்லாத்துக்கும் ஒரே மீசை. நம்மூர்க் கெளுத்தின்னு நெனச்சுப்போட்டேன்."

பிடித்ததைத் திரும்ப ஆற்றில் விடக் கூடாது என்றார் வியாபாரி. கரைக்கு அப்பால் குழி வெட்டிக் கொட்டினோம். மண் போட்டு அரைமணி நேரம் ஆகியும் மேல்மண் அசைந்துகொண்டே இருந்தது. கேரண்டி கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. தனம் நான்கு கெண்டையையும் ஒரு வாளியில் போட்டு எடுத்துப்போய், மடுவில் விடாமல், மேலே ஓடுகிற தண்ணீரில் விட்டாள்.

"இன்னொரு வருசம் பாக்கலாமுங்க" என்று புருஷனிடம் கெஞ்சினாள். "இதுகளப் புடிச்சுப் புடிச்சு வெளிய போட்டுட்டா..."

"புடிச்சு? ஆருக்கு விக்கறது? குழி வெட்டறதுக்கா மீன் புடிக்கறது?" என்றார் பழனிசாமி. வலையை மட்டும் ஒழுங்காக அலசி, உலர்த்திப் போட்டார். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தார். எங்கள் டிரைவரைப் பார்த்து, "ஏனுங்க, வேன்ல ஒரு எடம் இருக்குதுங்களா? சோமனூர்ல எறக்கி உட்டுட்டாப் போதும்" என்றார்.

இடம் இருந்தது. சங்கத்துப் பேனரைச் சுருட்டி வைத்திருந்த இருக்கையைக் காலி செய்து கொடுத்தோம். தலைவர் தன் முன்சீட்டைக் கொடுக்கப் பார்த்தார், பழனிசாமி மறுத்துவிட்டார். தனம் பிள்ளைகளின் பரீட்சை முடிந்து பிறகு வருவதாக ஏற்பாடு. படித்துறையில் நின்றாள். கை காட்டவில்லை. நாங்களும் காட்டவில்லை.

காங்கயம் தாண்டியதும் பழனிசாமி கேட்டார்: "தறிச் சத்தத்துல தூக்கம் வருங்களா?"

"பழகிரும் கண்ணு" என்றார் தலைவர். "எங்க மில்லு ஓடுனப்ப, சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பே வரும்." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மில் நின்று பல வருடம் ஆகிறது.

மூன்றேமுக்காலுக்குச் சோமனூர். மச்சினன் வந்து பையை வாங்கிக்கொண்டான். பழனிசாமி எங்களுக்கு நன்றி சொன்னார். அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய அடி.

போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் போவதானால் ஈரோடு–கரூர் வழித்தடத்தில் கொடுமுடி நிலையம் இருக்கிறது, அங்கிருந்து படித்துறைக்கு நடந்தே போகலாம். அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. எங்களைப் போல ஆற்றுக்கு நல்லது செய்யும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், எந்த மீனை எங்கே விடலாம் என்று மீன்வளத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு தேங்காய் உடையுங்கள். நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்தோம். மடுவில் இப்போது எங்கள் நல்ல மனசுதான் நீந்திக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து ஒழிக்க என்ன வழி என்று சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச வருகிறவர்கள் நானும் தலைவரும் மட்டும்.

போன வாரம் பழனிசாமியைப் போனில் கூப்பிட்டேன். வேலை பரவாயில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தறிக்காரர் எல்லாருக்கும் மீன் குழம்பு போடுகிறாராம். என்ன மீன் என்று கேட்டேன்.

"அதேதானுங்க. வெலை கம்மியாம். முள்ளே இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது."