மாவாக வந்த கல்

எண்பத்தேழாம் வருடக் கோடை. காலை ஏழரை மணிக்குத் தொப்பூர் கணவாயில் எங்கள் பேருந்தின் ரேடியேட்டர் கொதித்து நின்றது. சேலத்தில் ஏழு ரூபாய்க்கு எடுத்த தருமபுரிச் சீட்டு சட்டைப்பையில் இருக்க, பின்னால் வந்த, ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் ஏறிக்கொண்டேன். ஓட்டியவர் பாஷா பாய். துளை போடுபவரும் அவரே. காவிரிக் கரையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலை எனக்கு என்றதும், நெடுநாள் சந்தேகம் ஒன்றைக் கேட்டார்.

"நெலாவுலகூடத் தொளை போட்டாங்களாமே சார், டீசலுக்கு என்ன பண்ணாங்க?"

"பேட்டரிதான் பாய். பத்தடி போறதுக்குள்ளயே போதும் போதும்னு ஆயிடுச்சாம்."

"அப்ப முனை மழுங்காமப் பாத்திருப்பாங்க," என்றார்.

நான் போக வேண்டிய திருமணம் மறுநாள்தான். மிஷின் ஓடுவதைப் பார்க்கும் ஆசையில் அவரோடே போனேன்.

ஒன்பது மணிக்கு இண்டூரை அடுத்த மாதம்மாவின் மல்பெரித் தோட்டம். கணவர் இல்லை, கிணறும் வற்றிவிட்டது. வீட்டுக்குள் பட்டுப்புழுக்கள் இலைக்குக் காத்திருந்தன. தோட்டம் இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. அந்த வாரம் டீசல் தட்டுப்பாடு. வெள்ளிக்கிழமைதான் லோடு வரும் என்று பெட்ரோல் பங்கில் கைவிரித்துவிட்டார்கள். இருந்தது ஒரே பீப்பாய். அது தீர்வதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும்.

எண்ணெய்க் கிணற்றில் நாங்கள் சேற்று நீரை இறக்கித் துளைப்போம். இங்கே அடியில் இருப்பது கருங்கல் என்பதால், காற்றால் இயங்கும் சுத்தியல்தான் பாறையைக் கொத்துகிறது. நூறு அடியில் வேகம் குறைந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "இன்னும் அழுத்துங்க பாய்," என்றேன். எங்கள் கிணற்றில் அதுதான் வைத்தியம்.

"இது கொத்துற மிஷினுங்க சார். அழுத்துனா முனை போயிரும்."

"எண்ணெக் கெணறு தோண்டுறவரு சொல்றாருங்க பாய், செஞ்சுதான் பாருங்களேன்," என்றார் மாதம்மா.

பாய் அழுத்தினார். சத்தம் கனத்தது, நானும் பெருமையாகத் தலையாட்டினேன். பதினொன்றரைக்கு அவர் குனிந்து, துளையிலிருந்து பறந்து விழுந்த துகளை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். காலையில் நொய்யாக வந்த கல், இப்போது மாவாக வந்திருந்தது. முனை மழுங்கிவிட்டது, எரித்த டீசலெல்லாம் கல்லை உடைக்காமல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பீப்பாயும் அடி தட்டிவிட்டது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

பாய் ராடுகளைக் கழற்றி முனையைத் தீட்டி மாட்டினார். பிறகு லாரியின் டாங்கியில் குழாயைச் செருகி, அதிலிருந்த டீசலை மிஷினுக்கு இறக்கினார்.

"வண்டி எப்படிப் போகும் பாய்?"

"வெள்ளிக்கெழம போகுங்க. அதுவரைக்கும் மாதம்மா வூட்ல சோறு இல்லாமயா போயிரும்?"

மூன்று மணிக்கு, இருநூற்றுப் பத்து அடியில், தூசி ஈரமாகி, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. டீசல் தீரும்வரை மிஷினின் காற்றாலேயே தண்ணீரை மேலே தள்ளி வாய்க்காலில் ஓடவிட்டார் பாய். மாதம்மா நனைந்தபடியே மண்வெட்டியோடு மடை மாற்ற ஓடினார்.

கிளம்பும்போது பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "நெலாவுல பக்கத்துல நின்னு யோசனை சொல்ல ஆள் இல்ல சார், தப்பிச்சாங்க," என்று சிரித்தார். இண்டூரில் ஒன்றேகால் ரூபாய்க்குச் சீட்டு வாங்கித் தருமபுரி வந்து சேர்ந்தேன்.

எங்கள் கிணற்றுக்கு டீசல் லாரி லாரியாக வரும். அது தீர்ந்துபோகும் என்று யாரும் நினைத்ததில்லை. நான் வேலைக்குத் திரும்பிய அன்று துளையின் வேகம் குறைந்தது. எல்லோரும் அழுத்தச் சொன்னார்கள். சேற்றோடு வந்த துகளை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவாக இருந்தது. நிறுத்தச் சொன்னேன்.