இரண்டாக வெட்டப்பட்ட அப்பா

"நாலெழுத்து படிச்சிட்டன்னு நம்ம வூட்டு வம்சத்த எழுதிகினு கெடக்கிறியே, இத எவன் படிக்கப் போறான்?" என்று பெரியப்பா கேட்டார். வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன்.

நான் எழுதியது தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வம்சாவளி இணையதளத்தில். உலகத்துக் குடும்பங்களையெல்லாம் ஒரே மரமாக்குவார்களாம். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவைச் சாப்பிடவிடாமல் கேட்டுக் கேட்டு எங்கள் கிளையை ஏற்றினேன்.

பெரியப்பா தோற்றார். தளத்தின் தன்னார்வலர் ஒருவர் படித்தார். எந்த நாட்டிலோ உட்கார்ந்து, அக்கறையோடு படித்து, ஒரு பிழையையும் கண்டுபிடித்தார். அம்மாவின் கணவரும், அம்மாவைப் பெற்ற ஆயாவின் தம்பியும் ஒரே ஆளாக இருக்கிறாரே! அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கல்யாணம். அவர் அகராதியில் தட்டச்சுக் கோளாறு. அப்பாவை இரண்டாக வெட்டிவிட்டார். ஆயாவின் தம்பி கல்யாணம் ஆகாதவர். அம்மாவின் கணவருக்கோ, 'பெற்றோர்: தெரியவில்லை'.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எம் புருசன் என்னா தெருவுல கெடந்து எடுத்த புள்ளயா? மொதல்ல அத அழிடி!"

அப்பா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "வுடு புள்ள. அதுல ஒருத்தனாவது கல்யாணம் ஆவாம நிம்மதியா இருக்கட்டும்."

அம்மா சிரிக்கவில்லை.

நான் திருத்தினேன். அந்தத் தன்னார்வலர் திரும்பவும் வெட்டினார். மறுபடி ஒட்டினேன். பக்கத்தையே பூட்டிவிட்டார். தளத்துக்கு எழுதினேன். பதிலில் மரியாதைக்குக் குறைவில்லை: என் பங்களிப்புக்கு நன்றி, கொடுத்த தகவல் இனிப் பொதுச் சொத்து, நான் தாராளமாக விலகலாம், தகவல் விலகாது. காலமெல்லாம் கான்ட்ராக்டிலேயே இருக்கும் அப்பா ஒருவழியாக ஓரிடத்தில் பெர்மனென்ட் ஆனார்.

அவர்களுடைய விதிகளை வரிவரியாகப் படித்தேன். உயிரோடிருப்பவர் தன் பதிவை நீக்கும்படி தானே கேட்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கினேன். இன்று காலை இரண்டு கோரிக்கைகள் எழுதினோம், கல்யாணமானவருக்கு ஒன்று, ஆகாதவருக்கு ஒன்று. இரண்டையும் அனுப்பும் பொத்தானை அம்மாதான் அழுத்தினார், அழுத்தமாக.

பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். யாரோ படித்திருக்கிறார்கள் என்றதும் அவருக்கு ஒரே பெருமை. அது அடங்குவதற்குள், தன் பதிவை நீக்கச் சொல்லும் அவருடைய கோரிக்கையையும் அனுப்பிவிட்டேன்.