தவிட்டுக்கு வாங்கிய பேர்

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் 'ஏவரில்' என்று கூப்பிட்டால் நாலைந்து வீட்டு வாசலில் பெண்பிள்ளைகள் வந்து நிற்கும். வெள்ளைக்காரப் பேர். அதுவும் வெள்ளைக்காரர்களே அதிகம் வைக்காத பேர். தென்காசியில், வாசலில் நெல்லும் உளுந்தும் காய்கிற தெருவில், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு இத்தனை ஏவரில்கள் எப்படி முளைத்தார்கள் என்று இப்போது கேட்க ஆளில்லை. அந்தப் பேரில் ஒருத்திகூட மிஞ்சவில்லை. முதல் ஏவரில் என் மகள். அதனால் எனக்குத் தெரிந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு பேரும் தவழுகிற வயதுவரைகூட இருக்கவில்லை. அவர்களுக்கும் பேர் வைத்தோம். போன பிறகு அந்தப் பேர்களை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். சொன்னால் அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம். நானும் சொல்லவில்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அதன் முகத்தை உற்றுப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, எங்களோடுதான் இருந்தாள். காரியக்காரி. "ஏட்டி, இதையாவது வித்துப்போட்டு வாங்கு" என்றாள். பிள்ளை தங்காத வீடுகளில் அப்போதெல்லாம் செய்வதுதான். பிள்ளையை முறத்தில் போட்டுக் கொல்லைக் குப்பைமேட்டில் வைத்துவிட வேண்டும். வேற்றாள் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு தெருவழியாக வாசலுக்கு வந்து, பிள்ளை வேணுமா என்று கேட்பாள். பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்குவாள். குப்பையில் கிடந்தது, தவிட்டு விலைக்கு வந்தது, இதைப் போய் எமன் எதற்குத் தூக்கப் போகிறான் என்று கணக்கு. எடுத்தவள் என்ன பேர் சொல்கிறாளோ அதுதான் பேர். அதைப் பின்னால் மாற்ற நினைத்தால் அவளிடமே மறுபடி தவிடு கொடுத்து, அவள் வாயால் விட்டுத்தரச் சொல்ல வேண்டும்.

வேற்றாளாக மதினி பிடித்து வந்தது குற்றாலத்து ஆயாவை. அருவிக்குப் போகிற வழியில், ஓடைக்கரை ஓரமாக வெள்ளைக்காரத் துரை ஒருத்தரின் பங்களா இருந்தது. துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டார்கள். பங்களாச் சாவியை வைத்துக்கொண்டு ஆயா மட்டும் இருந்தாள். அரிசி, பருப்பு வாங்கத் தென்காசிக்கு வருவாள். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி, சொந்தபந்தம் இல்லாதவள். எமனுக்கு இவளை அடையாளமே தெரியாது என்று மதினிக்குப் பரம திருப்தி.

ஆயா என் பிள்ளையைக் குப்பைமேட்டிலிருந்து எடுத்தவள் உடனே வாசலுக்கு வரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மதினி அதட்டிய பிறகுதான் வந்தாள். "பேரு என்ன?" என்று கேட்டோம். "ஏவரில்" என்றாள்.

"யாரு பேருட்டி அது?" என்றாள் மதினி.

"நான் வளத்த பிள்ள பேரு. தங்கம் மாதிரி இருப்பா. தண்ணின்னா அவளுக்கு உசுரு."

இருப்பா என்றுதான் சொன்னாள். நாங்களும் சீமையில் கவுன் போட்டுக்கொண்டு ஓடியாடுகிற ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டோம்.

என் மகள் தங்கினாள். தவழ்ந்தாள், நடந்தாள், சட்டியை உருட்டி நெய் தின்றாள். எதிர்வீட்டில் பிள்ளை பறிகொடுத்தவள் அடுத்த பெண்ணுக்கு அதே பேரை வைத்தாள். அதுவும் பிழைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? செங்கோட்டையில் பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, அந்தப் பேரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுப்போனார்கள். குலசாமி பேர்களெல்லாம் எங்கள் தெருவில் பின்வரிசைக்குப் போயின.

அம்மை குத்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா பேரைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். தன் ஊரிலேயே அது அபூர்வம் என்றாள். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டின் வடக்கே ஒரு புண்ணியவதி இருந்தாளாம், அவள் பேரிலிருந்து வந்ததாம். பழைய பாஷையில் அதற்குள் இரண்டு சொல் இருக்கிறதாம். ஒன்று காட்டுப்பன்றி, மற்றது சண்டை.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பன்னிச் சண்டைன்னா எம்பிள்ளைக்குப் பேரு வச்சிருக்கீக?" என்று குதித்தார். மதினி அவரை உட்காரச் சொன்னாள். "நல்லதால்ல போச்சு. வெள்ளைக்காரனுக்கும் பிள்ள தங்காம இருந்திருக்கும். அதான் பன்னின்னு வச்சிருக்கான்" என்றாள். அந்தச் செய்தி பரவியதும் பேருக்கு மவுசு இன்னும் கூடியது.

ஆயா வாரம் தவறாமல் பிள்ளையைப் பார்க்க வருவாள். தெருமுனையிலேயே நின்று பேரை நீட்டிக் கூப்பிடுவாள். என் மகள் எந்த மூலையில் இருந்தாலும் "ஓ" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடுவாள். நான் பத்துத் தடவை கூப்பிட்டாலும் அசையாத கழுதை. எனக்கு எரிச்சலாக இருக்கும். விற்றது சும்மா பேச்சுக்குத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவளுக்கு ஐந்து வயது தாண்டிய சாரல் காலத்தில்தான் அது ஆரம்பித்தது. மலையை மேகம் மூடி, காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கும் ஒரு மத்தியானம். பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து மேற்கே பார்த்து "ஓ" என்றாள். தெருவில் ஒரு குஞ்சு இல்லை.

"யாருட்டி கூப்பிட்டா?"

"கூப்பிட்டாங்கம்மா."

எதிர்வீட்டிலிருந்தும் "ஓ" என்று ஒரு குரல் கேட்டது. தள்ளி இன்னொரு வீட்டிலிருந்தும் கேட்டது. பிள்ளைகள் வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விளையாடப் போய்விட்டன. பெரியவர்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிள்ளைகள் கூட்டுச் சேர்ந்து விளையாட்டுக் காட்டுகின்றன என்று மதினி சொன்னாள். அவள் கை வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தது, மடிக்கவில்லை.

அந்தச் சாரல் முழுவதும் அப்படியே நடந்தது. அடுத்த சாரலிலும் நடந்தது.

காலில் கட்டி என்று மகளை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். வரிசையில் இன்னொரு ஏவரில் இருந்தாள். நர்ஸம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தப் பேர் எங்கே கிடைத்தது என்று என்னைக் கேட்டாள். பங்களாவையும் ஆயாவையும் சொன்னேன். பங்களாப் பிள்ளையின் பேர் தனக்கு அதுவரை தெரியாது, ஆனால் அவள் சீமைக்குப் போகவேயில்லை என்றாள். ஆறு முடிந்து ஏழு நடக்கும்போது, சாரல் நாளில், பங்களாவுக்குப் பின்னால் ஓடைத் தண்ணீர் அடித்துப் போய்விட்டதாம். கரையிலேயே புதைத்துக் கல் வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பிறகுதான் துரைசாணி இங்கே இருக்கமாட்டேன் என்று கப்பலேறினாளாம்.

என் மகளுக்கு அப்போது ஆறு முடிந்திருந்தது. கட்டிக்கு மருந்துகூட வாங்காமல் வந்துவிட்டேன்.

விஷயம் பொழுது சாய்வதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. செத்த பிள்ளையின் பேர்! ஆளாளுக்கு வசைபாடிக்கொண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பழைய சாமிப் பேர்களைத் தேடி எடுத்துச் சூட்டினார்கள். அவர்களுக்கு அது சுலபம். எங்களைப் பார்த்து வைத்தவர்கள்தானே. விற்று வாங்கியது நான் மட்டும்தான். ஆயா விட்டுத்தராமல் என் மகள் பேர் மாறாது.

மறுநாளே தவிட்டை முறத்தில் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வண்டியில் குற்றாலம் போனேன். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. அருவிச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஆயா பங்களாவுக்குப் பின்னால், ஓடைக்கரையில் பலாமரத்தடியில் இருந்தாள். காலடியில் சின்னக் கல். பாசி பிடிக்காமல் துடைத்து வைத்திருந்தாள்.

முறத்தை அவள் முன்னால் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன். "எம்பிள்ளையக் காவு குடுக்கவா இந்தப் பேர வச்ச? நீ மனுஷிதானா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன்.

அவள் கல்லில் சிந்திய தவிட்டைத் துடைத்தாள். "தாயி, தொரசாணி போகும்போது இந்தப் பேர இனிமே யாரும் சொல்லப்படாதுன்னுட்டாக. பெத்தவ சொல்லாண்டாம், சரி. வளத்தவ வாய் என்ன செய்யும்? கூப்பிட்டா ஓன்னு சொல்ல ஒரு பிள்ள வேணும்போல இருந்துச்சி. வேற ஒண்ணும் நெனைக்கல" என்றாள்.

மகள் கையை நான் விடவில்லை. "விட்டுக் குடுத்தேன்னு சொல்லு" என்றேன்.

தவிட்டைக் கையில் அள்ளிக்கொண்டாள். "விட்டுக் குடுத்துட்டேன் தாயி. ஒரே ஒரு தடவ கூப்பிட்டுக்கிடுதேன்."

நான் மகளை இழுத்து என் வயிற்றோடு சேர்த்து, அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஆயா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஓடையைப் பார்த்து, தெருமுனையில் நின்று கூப்பிடுவதைப்போலவே நீட்டிக் கூப்பிட்டாள்.

"ஓ" என்று பதில் வந்தது.

என் உள்ளங்கைக்குள் என் மகளின் உதடுகள் மூடியே இருந்தன. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் பிள்ளைக் குரல் மாதிரி எதுவும் கேட்கும், மலையில் எதிரொலிக்கும் என்று என் வீட்டுக்காரர் பிறகு விளக்கம் சொன்னார். எதிரொலி என்றால் கூப்பிட்ட பேரல்லவா திரும்பி வர வேண்டும்? நான் அவரிடம் வாதாடவில்லை. கையை எடுத்ததும் மகள் நிம்மதியாக என்னைப் பார்த்து, "அம்மா, அவளே வந்துட்டா. நாம வீட்டுக்குப் போலாமா?" என்றாள். ஆயா தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

மகளுக்கு அம்மன் பேர் வைத்தோம். ஏழும் தாண்டியது, எழுபதுக்கு ஆசைப்படுகிற மாதிரி வளர்ந்தாள். அதற்குப் பிறகு எந்தச் சாரலிலும் அவள் மேற்கே பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. ஆயாவும் தெருப்பக்கம் வரவில்லை.

குற்றாலத்திலிருந்து திரும்பிய அன்று, மதினி குளிக்கப் போன நேரம் பார்த்துக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டேன். குப்பைமேட்டுப் பக்கம் திரும்பி நின்று, என் முதல் இரண்டு பெண்களின் பேர்களையும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவ்வளவு வருஷத்தில் அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். அப்புறம் காது கொடுத்து நின்றேன். மதினி திரும்பி வந்து கதவைத் தட்டும் வரைக்கும் நின்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. இரண்டும் பேச்சு வருவதற்கு முன்பே போன பிள்ளைகள்.