அகிலாண்டத்தின் நெற்றிக்காசு

சிவசங்கரன் மதுரை ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மனைவி அகிலாண்டத்தோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. வெற்றிலைகூடப் போடாத அந்த மனிதருக்குப் பழைய காசுகள் மேல் மட்டும் அப்படி ஒரு பித்து.

வைகையில் வெள்ளம் வடிந்ததும் மணல் அரிப்பவர்களுக்குப் பாண்டியர் காலத்துச் செப்புக்காசுகள் கிடைக்கும். அவற்றை வாங்கி, முன்பு மதுரையில் வேலை பார்த்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்ட ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருக்குத் தபாலில் அனுப்புவார். அந்தத் துரை பதிலுக்குத் தன் ஊர்ப் பழங்காசுகளை அனுப்பிவைப்பார். எல்லாம் அறுநூறு எழுநூறு வருஷத்து வெள்ளி. ஊதினால் பறந்துவிடும்போல மெல்லிசு. ஒரு பக்கம் முடி சூடிய ராஜாவின் முகம், மறு பக்கம் விளிம்பைத் தொடும் சிலுவை. வெள்ளிக்கு ஆசைப்பட்டு எந்தக் காலத்திலோ யாரோ ஓரங்களைக் கத்தரித்திருப்பார்கள். பஞ்சு பரப்பிய தேக்குப் பெட்டியில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி வைத்திருந்தார்.

அகிலாண்டத்துக்கு அதில் ஒரே ஒரு காசைத்தான் பிடிக்கும்.

“ஏங்க, இவுக மட்டும் ஏன் இப்பிடி முழிச்சுப் பாக்குறாக? ராத்தூக்கம் இல்லையோ?” என்று சிரிப்பாள். அவர் ஆபீஸ் போனதும் பெட்டியைத் திறந்து அந்த முகத்தோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

உலகச் சண்டை வந்தது. சீமைத் தபால் நின்றது. துரை இருக்கிறாரா, குண்டு விழுந்து போய்விட்டாரா என்பதும் தெரியவில்லை. நாற்பத்து மூன்றாம் வருஷம் அகிலாண்டத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பத்தியம், கஷாயம், ஆஸ்பத்திரி மருந்து, எதற்கும் இறங்காமல் ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள்.

குளிப்பாட்டிப் பாடையில் வைத்தபோது சிவசங்கரனின் அண்ணன் ராஜாராமன் கேட்டார்.

“தம்பி, நெத்திக்காசு எடுத்துட்டு வா. வெள்ளியா இருக்கணும்.”

அந்த வருஷம் ஊரில் வெள்ளி ரூபாயைக் கண்ணால் பார்க்க முடியாது. இருந்தவர்கள் புதைத்தார்கள், இல்லாதவர்கள் நோட்டை வைத்துக்கொண்டு அலைந்தார்கள். சிவசங்கரன் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். அவளுக்குப் பிடித்ததை எடுத்து வந்து, சந்தனம் குழைத்து அவள் நெற்றியில் ஒட்டினார். அப்போது அவருக்கு அழுகையைத் தவிர வேறு நினைவு இல்லை.

சுடுகாட்டில் நெற்றிக்காசு வெட்டியானுக்குச் சேரும். அது வழக்கம். வெட்டியான் சின்னக்கருப்பன் அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து குளித்த கையோடு சிவசங்கரன் பெட்டியைத் திறந்தார். பஞ்சில் ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அதில் விரலை வைத்ததும் அழுதுவிட்டார். அது அவளுக்காகவா, காசுக்காகவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று முதல் அந்தக் குழி அவரைத் தூங்கவிடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பெட்டியிலிருந்து வேறொரு காசை எடுத்துக்கொண்டு தனியாகச் சுடுகாட்டுக்குப் போனார். சின்னக்கருப்பன் குடிசை வாசலில் அவன் மனைவி மலையம்மாள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் அந்த ராஜா தொங்கிக்கொண்டிருந்தார். கயிறு கோக்க முகத்தில், இரண்டு கண்களுக்கும் நடுவே ஓட்டை போட்டிருந்தார்கள்.

“அத எனக்குக் குடுத்துரும்மா. இதுவும் வெள்ளிதான், வச்சுக்க,” என்று நீட்டினார்.

அவள் உடனே குழந்தையை மடியில் கிடத்தினாள். கயிற்றை அவிழ்த்து, காசை அவர் கையில் படாமல் தரையில் வைத்து, அவர் கீழே வைத்த மாற்றுக்காசை எடுத்துக்கொண்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. சந்து திரும்பி வீடு சேரும்வரை அந்த அழுகை அவர் காதிலேயே இருந்தது.

காசைக் குழியில் வைத்தார். சரியாகத்தான் பொருந்தியது. ஆனால் அந்த ஓட்டை வழியாக யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. கவிழ்த்து வைத்தார். சிலுவையின் நடுவிலும் அதே ஓட்டை. சந்தன வாசம் வருவதாகத் தோன்றி, மூன்று முறை கையைக் கழுவினார்.

விடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடினார். மலையம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“வேணாஞ் சாமி. செத்தவுக காச ஒருக்கா வாங்கலாம், அது எங்களுக்கு வந்தது. நீங்க கேட்டு வாங்கிட்டுப் போனப்புறம் அது உங்களது. மறுக்கா எங்க கிட்டக் குடுக்காதீக.”

“இது அவளுக்குன்னு வச்ச காசும்மா.”

“அப்ப ஏஞ் சாமி திருப்பி வாங்குனீக?”

அவர் காசை நீட்டியபடியே நின்றார். உள்ளேயிருந்து வந்த சின்னக்கருப்பனும் கும்பிட்டு, தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் அந்த வேதனை தொடங்கியது. வீட்டில் அகிலாண்டத்தின் போட்டோ ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடி அவள் முகத்தை வரவழைக்கப் பார்ப்பார். சுருள்முடியும் விரிந்த கண்களும் நெற்றியில் ஓட்டையுமாக அந்த ராஜாதான் வருவார். அடுப்படியில், கொல்லையில், ஆபீஸில் மூட்டைகளுக்கு நடுவில், எங்கே நினைத்தாலும் அதே முகம்.

“அண்ணே, எனக்கு அவ மூஞ்சி மறந்துபோச்சுண்ணே,” என்று ஒருநாள் ராஜாராமனிடம் சொல்லி உடைந்துபோனார்.

அண்ணன் அந்த ஓட்டைக்காசோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வேறு யாரோ ஒரு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட்டார். பெட்டி எங்கே போயிற்று என்று சிவசங்கரன் கேட்கவே இல்லை. பெட்டி போனதால் முகம் திரும்பி வந்துவிடவும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் திருமங்கலத்தில் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அங்கே சாயங்காலமானால் மதினி விஜயத்துக்கு எதிரில் வந்து உட்காருவார். விஜயம் முறத்தில் அரிசி புடைத்தபடியே சொல்லுவாள்: அகிலாண்டத்துக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. சிரித்தால் மேல் ஈறு தெரியும். மூக்குத்தி போட்ட பக்கம் லேசாக வீங்கியே இருக்கும்.

யாரோ முன்பின் தெரியாத பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் பார்ப்பார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க மதினி,” என்பார்.