இலங்கை அரங்கின் சுவர்

லண்டனில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்காக இலங்கை அரங்கை வடிவமைத்தவன் நான். ஊர் மதுரை, இலங்கையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய புகைப்படத்தைப் பார்த்து அப்படியே முகப்புச் சுவரைக் கட்டினோம். அதிலிருந்த குழிகளைக்கூட விடவில்லை. பழமை தெரியட்டும் என்று நானே உளியால் கொத்தினேன். திறப்பு நாளில் பிள்ளைகள் அவற்றில் விரல் விட்டுப் படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈழத்தமிழர் நிறைய வாழும் மோர்டன் பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றார்.

"இது என்ர மகன் படிச்ச பள்ளிக்கூடம், தம்பி. இதெல்லாம் சண்டைக்குள்ள ஷெல் குண்டுத் துண்டு பட்டது. அண்டைக்கு அவன் இந்தச் சுவரோடதான் நிண்டவன். பிறகு வீட்டை வரேல்லை."

"மன்னிச்சிடுங்கம்மா, இன்னைக்கே பூசி அடைச்சிடறேன்" என்றேன்.

அவர் என் கையை இறுகப் பிடித்தார். "வேண்டாம். அங்க எல்லாத்தையும் அடைச்சு, பெயின்டும் அடிச்சுப்போட்டினம். ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கு. இதையாவது விடுங்கோ."

இன்றும் பிள்ளைகள் அந்தக் குழிகளில் விரல் விட்டுச் சிரிக்கிறார்கள். பெயின்ட் அடிக்க ஆள் வரும்போதெல்லாம், ஒரு குழிகூட அடைபடாமல் நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.